பல்லு டொக்டரின் நாலாவது ஸ்கோப்

போன மாதம் நான் வேலை செய்த பழைய கடையை ஒருக்கால் எட்டிப் பார்க்கப் போனேன். நான் நின்ற மேசையில் இப்போது மத்தியாஸ் என்றொருவர் நிற்கிறார். துவக்கில் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப், புதிதாக வந்தது ஒன்றை எடுத்துக் காட்டினார். அதற்குள் கமரா இருக்கிறதாம். மான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்லுமாம். காற்றைக் கணக்குப் பார்க்குமாம். இருட்டில் மானின் உடம்புச் சூட்டைக் காட்டி, படத்தை ரெலிபோனுக்கும் அனுப்புமாம்.

"உங்கட காலத்து ஸ்கோப்புக்குள்ள என்ன இருந்தது, பவானி?" என்று கேட்டார்.

"கண்ணாடி இருந்தது."

அவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

"அப்ப எந்த ஆளுக்கு எது பொருந்தும் எண்டு எப்பிடித் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

கடையில் வேறு ஆட்கள் இல்லை. எனக்கும் ட்ராமுக்கு நேரம் கிடந்தது. சொன்னேன். அங்கே சொன்னதோடு, அங்கே சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் முட்டைக் கோதைக்கூட வளவுக்குள் விடாத சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அப்படிப்பட்டவள் முப்பது வருசத்துக்குக் கிட்ட டென்மார்க்கில், ஒடென்சேயில் நின்று, மான் சுடுகிற துவக்குகளுக்குத் தொலைநோக்கி விற்றேன் என்றால் அதற்குப் பொறுப்பு கொம்யூன் என்கிற நகரசபைதான். டேனிஷ் வகுப்பு முடிந்த கையோடு, கொம்யூனில் அகதிகளுக்குப் பொறுப்பாயிருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். நான் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றவள். மூக்குக்கண்ணாடிக்கு டேனிஷ் சொல் அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. "ஒப்டிக்" என்றேன். அவளுடைய முகம் மலர்ந்து போயிற்று. ஒப்டிக் தெரிந்த ஆள் ஒன்று வேண்டுமென்று ஒரு கடைக்காரர் கேட்டிருக்கிறார், ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார், பிடித்தால் வேலையை நிரந்தரமாக்குவார் என்றாள். நான் எண்ணெய் வைத்துத் தலையிழுத்து, நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் துவக்கு.

அது எண்பத்தாறாம் ஆண்டு. ஊரில் துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடுகிற காலம். நான் கதவுப் பிடியை விடாமல் அப்படியே நின்றேன். உள்ளே பச்சைக் கம்பளிச் சட்டையும், பற்ற வைக்காத சுங்கானுமாக ஒரு மனிதர் நின்றார். அவர்தான் முதலாளி ஓவே. என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து, துவக்குகளுக்கு முதுகு காட்டும்படி ஸ்கோப் பெட்டிகளுக்கு முன்னால் வைத்து, "இருங்கோ" என்றார்.

அவர் டேனிஷில்தான் சொன்னார். ஆனால் எனக்கு இப்போது நினைக்கும்போது அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்த மாதிரித்தான் ஞாபகம். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஓவே அதிகம் பேசாதவர். பேசிய கொஞ்சத்திலும் பாதி "நோ" என்ற ஒரு சொல். "சாப்பிடப் போகட்டோ?" என்று கேட்டால் "நோ" என்பார். "இந்தப் பெட்டியைத் துடைக்கட்டோ?" "நோ." வந்த கிழமை முழுக்க நான் மத்தியானம் பட்டினி, பெட்டிகளில் தூசி. வீட்டுக்குப் போய், இந்த மனிசன் எதுக்கெடுத்தாலும் மாட்டேன் என்கிறார் என்று அழுதேன். பிறகுதான் தெரிந்தது, டேனிஷில் "நோ" என்றால் "அப்படியோ", "சரி சரி", "விளங்குது", இன்னும் பல. ஆங்கிலத்து "நோ"வின் அர்த்தம் மட்டும் அதற்கு இல்லை. அவரோ என்னைப் பற்றி மனைவியிடம், "நல்ல பிள்ளை, ஆனா சாப்பிடவே மாட்டாளாம்" என்று கவலைப்பட்டிருக்கிறார்.

முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. "ஓவே ஐயா" என்றேன். அதுதான் தமிழில் தன் பெயர் என்று அவர் நினைத்துவிட்டார். கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையில் எங்களுக்கு "ஓவேயையா" என்றுதான் கையெழுத்து வைத்துத் தந்தார். நான் திருத்தவில்லை.

ஸ்கோப் வாங்க வருகிற ஆளுக்கு ஓவே ஸ்கோப்பைக் காட்டமாட்டார். அதுதான் அவருடைய முறை. முதலில் கதிரையில் இருத்துவார். எங்கே நின்று சுடுகிறீர்கள், பற்றைக்குள்ளா, வெளி வயலிலா என்று கேட்பார். மாலையிலா, காலையிலா? கண்ணாடி போடுகிறீர்களா? பிறகு அந்த ஆளின் துவக்கை வாங்கி, திறந்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவி, வெறுமை என்று இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார். "கண்ணை மூடுங்கோ. துவக்கைத் தோளில வையுங்கோ. இப்ப திறவுங்கோ." கண்ணைத் திறந்த உடனே, தலையை அசைக்காமல், ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிய வேண்டும். கரையில் பிறைபோலக் கறுப்புத் தெரிந்தால் பூட்டின இடம் பிழை. முன்னுக்குத் தள்ளுவார், பின்னுக்கு இழுப்பார், ஒரு நூல் அளவு, அரை நூல் அளவு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெடி வைக்கிறபோது துவக்குப் பின்னுக்கு உதைக்கும். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து குத்தும்.

அதோடு முடியாது. பொழுதுபட வாருங்கள் என்பார். கடைக்குப் பின்னால் ஒரு முற்றம், அதற்கப்பால் சின்னச் சின்னத் தோட்டத் துண்டுகள், அவற்றின் முடிவில் ஒரு வேலி. அந்த வேலியோடு ஓவே தன் கையால் வெட்டி நிறம் பூசிய பலகை மான் ஒன்று நின்றது. ஒரு கொம்பில் மூன்று கிளை, மற்றதில் இரண்டு. ஸ்கோப்பை மட்டும் ஒரு மரத் தாங்கியில் பூட்டி, வெளிச்சம் மங்க மங்கப் பார்க்கச் சொல்வார். எந்தப் பக்கம் மூன்று கிளை என்று சொல்ல முடிகிற வரைக்கும்தான் அந்த ஸ்கோப் அந்த ஆளுக்கு உதவும்.

பெரிய கண்ணாடி என்றால் எல்லோருக்கும் ஆசை. எட்டு மடங்கு பெருக்கி, ஐம்பத்தாறு மில்லிமீற்றர் அகலத்தில் முன்கண்ணாடி உள்ளதைத்தான் கேட்பார்கள். ஓவே வேண்டாம் என்று தலையாட்டுவார். ஐம்பத்தாறை எட்டால் பிரித்தால் ஏழு. ஏழு மில்லிமீற்றர் அகலத்துக்கு வெளிச்சம் வெளியே வரும். அதை வாங்க உங்கள் கண்மணியும் இருட்டில் ஏழுக்கு விரிய வேண்டும். அறுபது வயதில் அது ஐந்துக்கு விரிந்தாலே பெரிய காரியம். மிச்ச வெளிச்சம் கன்னத்தில் விழும். பொக்கை வாய்க்காரனுக்குப் பகோடா விற்கிற மாதிரி என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் இவர் குகதாசன். பூங்கன்று வளர்க்கிற கண்ணாடி வீட்டில் வேலை. முருக பக்தர். நான் என்ன கடையில் நிற்கிறேன் என்று தெரிந்த அன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"வள்ளி ஆற்ற வயித்தில பிறந்தவள்? மான்ர வயித்தில. அப்ப மான் முருகனுக்கு என்ன முறை? மாமி! முருகன்ர மாமியைச் சுடுறதுக்கே நீ கண்ணாடி விக்கிறாய்?"

"இஞ்சருங்கோ, மே மாதத்தில பெண் மானைச் சுடேலாது. சட்டம். ஆண் மான்தான்."

"அப்ப மாமா!"

"மாமா முனிவர். அவர் மான் இல்லை."

இவர் கோப்பையைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

இனி ஹென்னிங். ஹென்னிங் ஒரு பல்லு டொக்டர். ஆறடிக்கு மேலே, நீளக் கை, நீளக் கழுத்து, மெதுவான குரல். அவருடைய மாமனார் அக்செல், ஒடென்சேக்கு வெளியே பெரிய பண்ணையும் காடும் உள்ள கமக்காரர். கட்டையான, சிவந்த மனிதர். நாற்பது வருசமாக மான் சுடுகிறவர். மருமகனுக்குத் துவக்கு வாங்கிக் கொடுத்து, காட்டில் ஒரு பரணும் கொடுத்திருந்தார். ஹென்னிங் அந்தப் பரணில் ஏறுவார், இறங்குவார். வெறுங்கையோடு வருவார். மைத்துனர்மார் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

குற்றம் ஸ்கோப்பில் என்று ஹென்னிங் சொன்னார். முதலில் வாங்கியது நாலு மடங்கு. அதைத் திருப்பிக் கொண்டு வந்து, "முகம் தெளிவாத் தெரியேல்லை" என்றார்.

"முகத்தைச் சுடுறதில்லையே" என்றார் ஓவே. "தோளுக்குப் பின்னால."

"ஓம் ஓம். எண்டாலும்."

அடுத்தது ஆறு மடங்கு. "தெரியுது, ஆனா போதாது." மூன்றாவது, திருகிப் பெரிதாக்குகிற வகை. "நான் திருகி முடிய மான் போட்டுது." நாலாவதுதான் எட்டு மடங்கு, ஐம்பத்தாறு. துவக்கின் மேலே வாளி வைத்த மாதிரி இருக்கும். அவருடைய கைக்கும் கழுத்துக்கும் ஏற்ற மாதிரி ஓவே அரை நாள் நின்று பூட்டினார். மே மாதம் ஆண் மான் சீசன் திறந்து சில நாளில் ஹென்னிங் மறுபடி வந்து நின்றார்.

"கோடு நடுங்குது" என்றார், கீழே பார்த்துக்கொண்டு.

அந்தக் கடையில் ஹென்னிங்குக்கு முன்னம் ஒரு ஸ்கோப்பும் திரும்பி வந்ததில்லை. முறைப்படி தெரிந்தெடுத்தது திரும்பி வராது என்பது ஓவேயின் சமயம். அவர் அந்த எட்டு மடங்கைத் துவக்கோடு வாங்கிக்கொண்டு சுடுதிடலுக்குப் போனார். மண்மூட்டையில் வைத்து, நூறு மீற்றரில் சுட்டுப் பார்த்தார். போட்ட வெடியெல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்திருந்தன. திரும்பி வந்து, சுங்கானைக் கடித்தபடி துவக்கை மேசையில் வைத்தார்.

"கண்ணாடியில பிழையில்லை. பூட்டினதிலயும் பிழையில்லை. அப்ப ஆள் என்ன செய்யிறார் எண்டு பாக்க வேணும். நான் ஏணி ஏறமாட்டன், இடுப்பு விடாது. நீங்கள் போங்கோ."

"நானோ?"

"மானைப் பாக்காதையுங்கோ. அவற்ற கண்ணையும் கன்னத்தையும் பாருங்கோ."

என் ஆறு மாதம் முடிய அப்போது சில கிழமைதான் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் இவரிடம், கடை விசயமாக ஒரு பல்லு டொக்டரோடு போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை.

இவருடைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னேரம் ஹென்னிங்கின் காரில் போனேன். பண்ணை வாசலில் அக்செல் நாயோடு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைக்காரர் இப்ப ஸ்கோப்போட ஆளையும் அனுப்பினமோ? நல்லது. இந்த முறை சாட்சி வைச்சுக்கொண்டு வெறுங்கையோட வரப்போறீர்."

ஹென்னிங்கின் காது மட்டும் சிவந்தது.

பரண் இரண்டு பேருக்குக் கட்டினதில்லை. ஒரு பலகையில் ஆளுக்குப் பாதியாக இருந்தோம். முன்னால் ஒரு புல்வெளி, அதற்கப்பால் காடு. ஹென்னிங் கறுத்தப் பாணும் இறைச்சியும் எடுத்தார். நான் ரொட்டியும் செத்தல் மிளகாய்ச் சம்பலும் எடுத்தேன். அவர் மரியாதைக்கு என்னிடம் கொஞ்சம் வாங்கிச் சம்பலைத் தனியாக வாயில் போட்டுக்கொண்டார். நான் தடுப்பதற்குள் போட்டாயிற்று. இருமக்கூடாது என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் ஒழுக, முழு உடம்பும் குலுங்க இருந்தார். பரணும் குலுங்கியது. அந்த நேரம் பார்த்து மான் வந்தது.

எங்கள் ஊர் ஆட்டின் அளவுதான். சிவப்பு மயிர், சின்னக் கொம்பு. புல்வெளியின் நடுவே வந்து, பக்கம் காட்டி நின்று மேயத் தொடங்கியது. முருகா, ஓடச் சொல்லு என்று வேண்டினேன். உடனே, சுடாவிட்டால் என் வேலை என்னாகும் என்ற நினைவும் வந்தது. முருகனுக்கு எந்த வேண்டுதல் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

ஹென்னிங் துவக்கைத் தூக்கினார். ஓவே சொன்னபடி நான் அவரைத்தான் பார்த்தேன். கன்னம் துவக்குக் கட்டையில் ஒட்டியிருந்தது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல். விரல் அசையவில்லை. கோடு நடுங்க ஒரு காரணமும் இல்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தார், பார்த்தார், மான் பாதிப் புல்வெளியைத் தின்று முடிக்கும் வரைக்கும் பார்த்தார்.

"பவானி" என்றார் மெதுவாக, "கவனிச்சனீங்களோ?"

"என்னத்தை?"

"அவன் ஒரு பக்கத்தாலதான் மெல்லுறான்."

நான் அவருடைய கைத் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு மான் மென்றது மட்டும் தெரிந்தது.

"இடப்பக்கத்தாலதான். வலது கீழ்க் கடைவாய் கட்டாயம் சூத்தை. தாடை வீங்கியிருக்கு, பாருங்கோ. சீழ் கட்டியிருக்கும். எவ்வளவு நோகும் தெரியுமோ?"

"சுடேல்லையோ?"

"எப்பிடிச் சுடுறது? அவன் வருத்தக்காரன்."

"நீங்கள் இவனை முதலும் கண்டிருக்கிறியளோ?"

"போன ஒக்ரோபரிலயிருந்து. நாலு மடங்கில ஏதோ பிழை எண்டு தெரிஞ்சுது, என்ன பிழை எண்டு பிடிபடேல்லை. ஆறில வாய்க்குள்ளதான் எண்டு விளங்கிச்சுது. இதிலதான் எந்தப் பல்லெண்டு சொல்லக்கூடியதா இருக்கு." துவக்கை இறக்கி மடியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. சம்பலாலோ மானாலோ எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. "நல்ல ஸ்கோப் பவானி. அருமையான ஸ்கோப்."

மான் மெல்ல நடந்து காட்டுக்குள் போய்விட்டது.

திரும்பி வருகிறபோது காரில் அவர் என்னைக் கெஞ்சினார். "ஓவேயிட்ட, ஸ்கோப்பில ஏதோ பிழை எண்டு சொல்லுங்கோ. மாமாவுக்கு உண்மை தெரிஞ்சா நான் அந்த மேசையில இருந்து சாப்பிடேலாது." நான் டேனிஷ் தெரியாத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வசதி எங்களுக்கு அந்தக் காலத்தில் இருந்தது.

ஆனால் வீட்டில் நித்திரை வரவில்லை. பிழை என்று சொன்னால் ஓவேயின் மானம் போகும். நல்ல சாமானைப் பழுதென்று தொழிற்சாலைக்கு அனுப்புவார். உண்மையைச் சொன்னால் அந்த நல்ல மனிசனின் மானம் போகும்.

காலையில் கடைக்குப் போனேன். ஓவே மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காத்து நின்றார். "கண் எப்பிடி?" என்றார். "கண் நல்லம். கன்னமும் நல்லம்" என்றேன். "அப்ப?" என்றார். நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்த நேரம் கதவு திறந்தது. முன்னால் அக்செல், பின்னால் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்த பிள்ளை மாதிரி ஹென்னிங், கையில் துவக்குப் பையோடு. கடையில் வேறு வாடிக்கையாளர்களும் நின்றார்கள்.

"நாலு ஸ்கோப்!" என்று அக்செல் கத்தினார். "நாலு! இது என்ன கடை?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர்தானே பக்கத்தில இருந்தனீர்? மான் வந்ததோ?"

"வந்தது."

"வெடி பிழைச்சதோ?"

"இல்லை. சுடேல்லை."

"ஏன் சுடேல்லை?"

கடை முழுக்க என்னைப் பார்த்தது. ஹென்னிங்கின் முகம் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த டேனிஷ் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. டேனிஷ் வேட்டைக்காரர் ஆண் மானை "அது" என்று சொல்வதில்லை. "அவன்" என்றுதான் சொல்வார்கள். மனிதருக்கும் அதே சொல்தான். நானும் அப்படியே சொன்னேன்.

"அவனுக்குப் பல்லு நோகுது."

கடையே சிரித்தது. "பல்லு டொக்டருக்குப் பல்லு நோகுதாம்!" என்று யாரோ சொல்ல, இன்னொருவர் மேசையில் தட்டிச் சிரித்தார். அக்செலும் சிரிக்கத் தொடங்கினார். நான் பதறிப்போய், "இல்லை, இல்லை, மானுக்கு!" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

அப்போதுதான் ஹென்னிங் முன்னுக்கு வந்தார். எனக்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அவருடைய மெதுவான குரல் மாறியிருந்தது. வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு பேசுகிற குரல் அது.

"பவானி சொல்லுறது சரி. வலது கீழ்க் கடைவாயில சூத்தை. நான் ஏழு மாதமாப் பாக்கிறன். வர வர மெலியிறான். மேயிற நேரம் கூடியிருக்கு, ஏனெண்டால் ஒரு பக்கத்தால மெல்லுறான். சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ."

அக்செல் சிரிப்பை நிற்பாட்டினார். "அந்தத் தெற்குப் புல்வெளிக் கிழவனோ?" என்றார். "போன வருசத்தைவிட மெலிவாத்தான் இருக்கிறான். ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த மாமனாரும் மருமகனும் ஒரு விசயத்தைச் சமமாகக் கதைத்தது அன்றுதான் முதல்முறை போல.

"அப்பிடியெண்டா அவனைச் சுடுறதுதான் புண்ணியம்" என்றார் அக்செல்.

"தெரியும். என்னாலதான் ஏலாது."

"சரி. நான் சுடுறன். உம்மட துவக்கைத் தாரும், அந்தப் பெரிய கண்ணாடியோட."

ஓவே சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "அது அவற்ற கைக்கும் கழுத்துக்கும் பூட்டினது. உங்களுக்குச் சரிவராது. இருங்கோ. கண்ணாடி போடுறனீங்களோ?"

"நாப்பது வருசமா மான் சுடுறன். என்னை இருத்தி வைச்சுக் கேள்வி கேக்கிறீரோ?"

"பொழுதுபட வாங்கோ. பலகை மானை ஒருக்கால்..."

"பலகை மானோ!" அக்செல் துவக்குப் பையை மருமகனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால், "நாலு விரல் இடம் விடுங்கோ" என்று ஓவே வாசல்வரை போய்ச் சொன்னார். அது கேட்டிருக்காது.

அன்று பின்னேரம் நடந்ததை ஹென்னிங்தான் பிறகு சொன்னார். பரணில் இரண்டு பேரும். மான் வந்தது. அக்செலின் கை கட்டை. துவக்கின் கட்டையோ நீளம். ஆகவே அவர் கழுத்தை முன்னுக்கு நீட்டி, கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். ஹென்னிங் "மாமா, கொஞ்சம் பின்னுக்கு" என்று சொல்லச் சொல்ல, "சத்தம் போடாதையும்" என்று சொல்லிவிட்டு விசையை இழுத்தார். வெடி வானத்தில் போயிற்று. ஸ்கோப் வந்து புருவத்தில் குத்தியது. மான் தலையைத் தூக்கி, வாயில் இருந்த புல்லை இடப்பக்கத்தால் மென்று முடித்து, பிறகுதான் ஓடியதாம்.

அடுத்த நாள் அக்செல் தனியே கடைக்கு வந்தார். இடப்புருவமா வலப்புருவமா என்று கேட்கத் தேவையில்லை. பிறை வடிவில் வெட்டு, அதன் மேலே ஹென்னிங் பதமாக ஒட்டிவிட்ட பிளாஸ்ரர். கண்ணைச் சுற்றி கத்தரிக்காய் நிறம். ஸ்கோப்பை மேசையில் வைத்தார்.

"இது பழுது" என்றார்.

நான் ஓவேயைப் பார்த்தேன். ஓவே ஸ்கோப்பையும் பார்க்கவில்லை, புருவத்தையும் பார்க்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் வைத்தார்.

"பவானி, இவர் உங்கட ஆள். நான் கொம்யூனுக்குப் போய்க் கதைக்க வேணும், உங்கட வேலை விசயமா. நிரந்தரமாக்கச் சொல்ல." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோசப்பட எனக்கு அவகாசம் இருக்கவில்லை. எதிரே அக்செல் இருந்தார். எங்கே நின்று சுடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். மாலையிலா, காலையிலா? அதையும் சொன்னார். கண்ணாடி போடுகிறீர்களா?

"இல்லை."

நான் பேசாமல் இருந்தேன். அது ஓவேயிடம் பழகினது.

"வாசிக்கிறதுக்கு மட்டும்" என்றார் அக்செல். நான் ஒரு பெட்டியைத் துடைத்தேன். "தூரமும் இப்ப கொஞ்சம்."

அவர் பொழுதுபட வந்தார். பலகை மானைப் பார்த்தார். பெரிய எட்டு மடங்கில் மூக்குக்கண்ணாடியோடு முழு வட்டம் தெரியவில்லை, எந்தப் பக்கம் மூன்று கிளை என்று சொல்ல முடியவில்லை. ஆறு மடங்கு அதைவிட இருட்டாக இல்லை, அவருடைய மூக்குக்கண்ணாடியோடும் முழு வட்டம் தெரிந்தது. "இடப்பக்கம்" என்றார், ஏதோ தான் பலகையைச் சுட்டு விழுத்தின மாதிரி. ஆறு மடங்கை அவருடைய சொந்தத் துவக்கில், அவருடைய கட்டைக் கைக்கு அளந்து பூட்டினோம். அது திரும்பி வரவில்லை.

ஹென்னிங்குக்கு ஓவே வேறொன்று விற்றார். துவக்கில் பூட்டாத, மூன்று காலில் நிற்கிற முப்பது மடங்குத் தொலைநோக்கி. அதைப் பார்த்துவிட்டு ஹென்னிங், "இதால வேர்கூடத் தெரியும் போல" என்றார். அன்றிலிருந்து அந்தக் காட்டில் எந்த மான் கிழடு, எது வருத்தம் என்று அவர்தான் சொல்வார். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சுடுவார்கள். மைத்துனர்மார் மேசையில் அவரிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்களாம். ஆனால் அந்தத் தெற்குப் புல்வெளிக் கிழவன் மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஒரு வெடி கேட்டுவிட்டதால் அது வெளிச்சத்தில் வெளியே வருவதை விட்டுவிட்டது.

அடுத்த வருசம் பனி கரைந்த பிறகு ஒரு காலை. ஹென்னிங்கும் அக்செலும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஹென்னிங் தன் சிகிச்சை அறைப் பச்சைத் துணி ஒன்றை ஒரு பச்சைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்து, என் மேசையில் வைத்து விரித்தார். உள்ளே வெள்ளையாகக் கழுவித் துடைத்த ஒரு கீழ்த்தாடை. குளிரைத் தாங்காமல் வேலியோரம் விழுந்து கிடந்ததை அவர்தான் போய்க் கண்டெடுத்திருக்கிறார்.

"வலது கீழ்!" என்றார். பல்லுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைப் பொக்கற்றிலிருந்து எடுத்துக் காட்டினார். "கடைவாய். பாத்தீங்களோ ஓட்டையை? எலும்பு வரைக்கும் போயிருக்கு. எக்ஸ்றே இல்லாமல், எண்பது மீற்றரில இருந்து சொன்னனான்!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். ஓவே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். நானும் பார்த்தேன். இறைச்சிக் கடைப் பக்கம் போகாத எனக்கு அந்த எலும்பைத் தொட அருவருப்பு வரவில்லை. சித்தப்பாவின் கடையில் யாரோ மறந்து விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பதுபோல இருந்தது.

ஹென்னிங் தாடையைக் கையில் எடுத்தார். சந்தோசம் மெல்ல இறங்கி, முகம் வாடிப்போயிற்று.

"இந்த ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டிருந்தா இன்னும் ரெண்டு வருசம் இருந்திருப்பான்" என்றார்.

"ரெண்டு வருசமோ?" என்றார் அக்செல். "அதுக்குள்ள நான் சுட்டிருப்பன்."

ஹென்னிங் தாடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருடைய குரலும் உயரவில்லை.

"நீங்கள்தான் சுட்டுப் பாத்தனீங்களே, மாமா."

அக்செலின் கை தானாகப் புருவத்துத் தழும்புக்குப் போனது. ஓவே, பின்னறையில் ரெலிபோன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனார்.

பின்னறையில் ரெலிபோன் இருக்கவில்லை.